உங்களுக்குத் தெரியுமா? சைக்கிளுக்கும் சட்டம் உண்டு!

லைசென்ஸ் வேண்டாம். ஆர்.சி. புத்தகம் வேண்டாம். இன்சூரன்ஸ் வேண்டாம். ஹெல்மெட் இல்லையென்று யாரும் ஓரங்கட்டச் சொல்வதும் இல்லை. அதனால் சைக்கிளைச் சட்டம் கண்டுகொள்ளாது என்று நம்மில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறோம். இதில் பாதிதான் உண்மை.

● முதலில் அந்தப் பாதி உண்மை. மோட்டார் வாகனச் சட்டம், 1988 இயந்திர விசையால் ஓடுவதைத்தான் 'மோட்டார் வாகனம்' என்கிறது. கால் மிதித்து ஓடுவது அந்தக் கணக்கில் வராது. குடித்துவிட்டு ஓட்டுவதைத் தண்டிக்கும் 185-வது பிரிவு, ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கும் 129-வது பிரிவு, சிறுவர்கள் வண்டி ஓட்டினால் பெற்றோரைக் கூண்டில் ஏற்றும் 199ஏ பிரிவு எதுவும் மிதிவண்டியைத் தொடாது.

● தொடுவது குற்றவியல் சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவில் 'மோட்டார்' என்ற நிபந்தனையே கிடையாது. பொதுவழியில் எந்த வாகனத்தையும், மனித உயிருக்கு ஆபத்து வரும்படி வேகமாகவோ கவனக்குறைவாகவோ ஓட்டினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யார்மீதும் மோதியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆபத்து விளைவிக்கும்படி ஓட்டியதே போதும்.

மோதி, எதிரே வந்தவருக்கு எலும்பு முறிந்தால் 125-வது பிரிவு வரும்: மூன்றாண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். உயிரே போய்விட்டால் 106-வது பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் அதிகபட்சம் இரண்டு ஆண்டாக இருந்த தண்டனை இப்போது ஐந்து ஆண்டாகிவிட்டது. மோதியது லாரியா, ஹெர்குலிஸ் சைக்கிளா என்று இந்தப் பிரிவுகள் கேட்பதில்லை. கவனக்குறைவு இருந்ததா என்பதுதான் கேள்வி.

● ஏழு வயது நிரம்பாத குழந்தை செய்வது எதுவும் நம் நாட்டில் குற்றமாகாது. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை, செய்ததன் விளைவைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி அந்தப் பிள்ளைக்கு இருந்ததா என்று பார்ப்பார்கள். குரங்குப் பெடல் போடும் வயதுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் சலுகை இது.

● ஜப்பானில் பிள்ளை தப்பினாலும் பெற்றவர் தப்ப முடியாது. கோபே நகரில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் இரவில் சரிவுச் சாலையில் வேகமாக இறங்கி, நடந்து வந்த ஒரு மூதாட்டிமீது மோதினான். அவர் நினைவு திரும்பாமல் படுத்த படுக்கையானார். 2013-ல் வந்த தீர்ப்பு, சிறுவனின் தாய் சுமார் 9 கோடியே 50 லட்சம் யென் இழப்பீடு தர வேண்டும் என்றது. பிள்ளைக்கு ஒழுங்காக ஓட்டச் சொல்லிக் கொடுக்காதது தாயின் தவறு என்பது நீதிமன்றத்தின் வாதம். இந்த ஒரு தீர்ப்பு நாட்டையே உலுக்கியது. கோபே இருக்கும் ஹியோகோ மாகாணம் 2015-ல் சைக்கிளுக்குக் காப்பீட்டைக் கட்டாயமாக்க, மற்ற மாகாணங்களும் வரிசையாகப் பின்தொடர்ந்தன.

● 'சைக்கிள் ஒரு வாகனமா?' என்ற சந்தேகம் 1879-லேயே லண்டனில் நீதிமன்றம் ஏறிவிட்டது. மஸ்வெல் ஹில் சரிவில் ஒருவர் தலைதெறிக்க இறங்கினார். அவர்மீது, குதிரை வண்டிகளை மனத்தில் வைத்து 1835-ல் எழுதிய நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி வழக்கு. அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது சைக்கிளே இல்லை என்று அவர் தரப்பு வாதிட்டது. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, இதுவும் வண்டிதான் என்று சொல்லித் தண்டனையை உறுதி செய்தார்கள் நீதிபதிகள். 'டெய்லர் எதிர் குட்வின்' என்ற அந்தத் தீர்ப்பை இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள்.

● அதே இங்கிலாந்தில், காருக்கான வேக வரம்புகள் சைக்கிளுக்குப் பொருந்தாது. மகிழ்ந்துவிட வேண்டாம். வெறித்தனமாக வண்டியோட்டிக் காயப்படுத்தினால் இரண்டாண்டு வரை சிறை என்னும் 1861-ம் ஆண்டுச் சட்டம் காத்திருக்கிறது. 2016-ல் லண்டனில் முன்பிரேக் இல்லாத பந்தய சைக்கிளில் வந்த இளைஞர் மோதி ஒரு பெண் இறந்தார். அந்த இளைஞருக்கு 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது இந்தச் சட்டத்தின் கீழ்தான்.

நம் ஊர்க்காரர்கள் இதில் கவனிக்க வேண்டியது பிரேக் விஷயத்தை. கட்டை தேய்ந்துபோய், காலைத் தரையில் தேய்த்து நிறுத்தும் சைக்கிள்கள் இன்னும் எத்தனையோ ஓடுகின்றன. விபத்து என்று வந்துவிட்டால் கவனக்குறைவுக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

● நம் ஊரில் சைக்கிளுக்கு லைசென்ஸ் இருந்தது தெரியுமா? ஓட்டுவதற்கு அல்ல, வைத்திருப்பதற்கு. நகராட்சிக்கோ பஞ்சாயத்துக்கோ ஆண்டுதோறும் வரி கட்டி, அதற்கு அடையாளமாகத் தரும் வில்லையைச் சைக்கிளில் மாட்டிக்கொள்ள வேண்டும். வில்லை இல்லாவிட்டால் வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். இரவில் விளக்கில்லாமல் போனாலும், 'டபுள்ஸ்' போனாலும் போலீஸ் நிறுத்தும். அபராதம் போட மனமில்லாத ஏட்டு, டயர் காற்றைப் பிடுங்கிவிட்டு அனுப்பிவிடுவார். இறங்கி ஓடத் தயாராகக் கேரியரில் ஒரு கால் தொங்கப்போட்டு உட்கார்ந்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

வில்லை போனது நல்லதே. ஏழையின் வண்டிக்கு எதற்கு வரி? ஆனால் அதோடு விளக்கும் போய்விட்டதுதான் சோகம். பின்சக்கரத்தில் டைனமோ உரசிய காலத்தில், சைக்கிள் வருகிறது என்று லாரிக்காரருக்குத் தூரத்திலேயே தெரிந்தது.

● உலக நாடுகள் 1968-ல் வியன்னாவில் கூடி எழுதிய சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில் இந்தியா 1980-ல் சேர்ந்தது. அதில் சைக்கிளுக்கு என்றே வாசகங்கள் உண்டு. வேலை செய்யும் பிரேக் வேண்டும். கேட்கும்படி மணி வேண்டும். மணியைத் தவிர வேறு ஒலி எழுப்பும் கருவி கூடாது. பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் வேண்டும். முன்னே வெள்ளை அல்லது மஞ்சள் விளக்கும், பின்னே சிவப்பு விளக்கும் காட்ட வழி வேண்டும்.

ஓட்டுபவருக்கும் மூன்று தடைகள். ஒரு கையாவது ஹேண்டில்பாரில் இருக்க வேண்டும். ஓட்டத்துக்கு இடைஞ்சலாகவோ பிறருக்கு ஆபத்தாகவோ எதையும் ஏற்றவோ இழுக்கவோ தள்ளவோ கூடாது. வேறு வண்டியைப் பிடித்துக்கொண்டு இழுபடக் கூடாது. மேட்டில் ஏறும் லாரியின் பின்சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மிதிக்காமலே ஏறும் வித்தை நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல போலிருக்கிறது. வியன்னாவில் உட்கார்ந்து தடை போட்டிருக்கிறார்களே!

● இந்தியாவில் விற்கும் சைக்கிளில் பொருத்தும் பிரதிபலிப்பான்கள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரத்தில் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2020-ல் ஆணை பிறப்பித்தது. வாங்கிய மறுவாரமே 'அழகு கெடுது' என்று பையன்கள் கழற்றி எறிவது முதலில் அதைத்தான்.

● சைக்கிளை மிதிக்கும்போது நீங்கள் வண்டிக்காரர். இறங்கித் தள்ளும்போது பாதசாரி. 1980-ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. வரிக்குதிரைக் கோடுகளின்மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன பெண்மணிமீது கார் மோதியது. கையில் சைக்கிள் இருந்ததால் அவர் பாதசாரி அல்ல என்றது எதிர்த்தரப்பு. தள்ளிக்கொண்டு நடப்பவர் நடப்பவரே என்றது நீதிமன்றம். பரபரப்பான சந்திப்பில் வலதுபுறம் திரும்பத் தயக்கமாக இருந்தால், இறங்கித் தள்ளிக்கொண்டு கடப்பதுதான் எந்த ஊரிலும் பாதுகாப்பான வழி.

● நடப்பவர் சாலையின் வலப்பக்கம், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி போகலாம். சைக்கிளுக்கு அது பொருந்தாது. இடப்பக்கம், மற்ற வண்டிகள் போகும் திசையில்தான் போக வேண்டும். 'எதிரே பார்த்துப் போனா பயமில்லை' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் பெரியவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். நேருக்கு நேர் வரும்போது இரண்டு வண்டிகளின் வேகமும் கூடிக்கொண்டு மோதும்.

● நீல வட்டத்துக்குள் வெள்ளைச் சைக்கிள் என்றால் அது சைக்கிளுக்கான பாதை. சிவப்பு வட்டத்துக்குள் சைக்கிள் என்றால் உள்ளே வராதே. சிவப்பு முக்கோணத்துக்குள் சைக்கிள் இருந்தால் அது நமக்கான பலகையே அல்ல. சைக்கிள்கள் குறுக்கே வரும், பார்த்து ஓட்டு என்று மற்றவர்களுக்குச் சொல்வது. சைக்கிள் பாதையில் மோட்டார் வண்டி ஏறுவது விதிமீறல். ஆனால் நடைமுறையில் அங்கே நிறுத்தியிருப்பது பெரும்பாலும் கார்தான்.

● 'லைசென்ஸ் வேண்டாம்' என்று கடைக்காரர் சொல்லி விற்கும் மின்சார சைக்கிள் விஷயத்துக்குக் கொஞ்சம் நிதானமாக வருவோம். இங்கேதான் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன.

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால்தான் அது மோட்டார் வாகனம் ஆகாது. மிதிக்க உதவும் வகை என்றால் 25-ஐத் தொடும்போதோ, மிதிப்பதை நிறுத்தியதுமோ மோட்டார் தானாக ஓய்ந்துவிட வேண்டும். நல்ல பிரேக், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான்கள் இருக்க வேண்டும். இந்த வரம்புகளில் ஒன்று மீறினாலும், பெடல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது மோட்டார் வண்டி.

வாங்கும்போது சரியாகத்தான் இருக்கும். அப்புறம் தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுத்து வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு நாற்பதில் பறப்பார்கள். அந்த நிமிடமே அது பதிவில்லாத, காப்பீடில்லாத மோட்டார் வாகனம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு 5,000 ரூபாய், பதிவு செய்யாததற்கு முதல் தடவை 2,000 முதல் 5,000 வரை, இன்சூரன்ஸ் இல்லாததற்கு 2,000 ரூபாயோ மூன்று மாதம் வரை சிறையோ என்று பிரிவுகள் வரிசை கட்டும். ஓட்டியது பதினெட்டு நிரம்பாத பிள்ளை என்றால் 199ஏ வந்து நிற்கும்: பெற்றோருக்கோ வண்டிக்குச் சொந்தக்காரருக்கோ மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. டியூஷன் போய்வரத்தானே வாங்கிக் கொடுத்தோம் என்று புலம்பிப் பயனில்லை. வாங்கும் முன் ரசீதில் வாட் அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடை.

● இதுவரை பார்த்தது சைக்கிள்காரரின் கடமை. அடிபடுவதும் பெரும்பாலும் அவர்தான் என்பதால் உரிமையும் தெரிந்திருக்க வேண்டும்.

மோட்டார் வாகனம் மோதிக் காயம்பட்ட சைக்கிள்காரர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சைக்கிளுக்குக் காப்பீடு இல்லையே என்ற கவலை வேண்டாம். பணம் கொடுக்க வேண்டியது மோதிய வண்டியின் மூன்றாம் நபர் காப்பீடு. விபத்து நடந்த ஊரில்தான் வழக்கு என்றும் இல்லை. நீங்கள் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே போடலாம். 2022 ஏப்ரல் முதல் ஆறு மாதக் கெடு உண்டு. இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. ஆனாலும் அவற்றின் தீர்ப்பை நம்பிக் காத்திருக்காமல் ஆறு மாதத்துக்குள் மனுவைப் போட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

மோதிவிட்டுப் பறந்துவிட்ட வண்டி எதுவென்றே தெரியவில்லையா? அதற்கும் வழியுண்டு. உயிரிழப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய். முன்பு இது 25,000, 12,500 என்று இருந்தது; 2022 ஏப்ரலில் கூட்டினார்கள். விண்ணப்பத்தை வட்டாட்சியர், கோட்டாட்சியர் நிலை வருவாய் அதிகாரியிடம் தர வேண்டும். இப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் ஈமச்சடங்கோடு விஷயத்தை முடித்துக்கொள்கின்றன.

● தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இது உண்டு. சைக்கிளில் போனவர் என்று சொல்லி யாரும் ஒதுக்க முடியாது. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போகிறவர் விருப்பமில்லாவிட்டால் தன் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. 2019-ல் சேர்த்த 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு.

● ஒரு எச்சரிக்கை. தவறு இரண்டு பக்கமும் இருந்தால் தீர்ப்பாயம் அதைப் பங்கு பிரிக்கும். 10 லட்சம் இழப்பீடு, அதில் சைக்கிள்காரரின் கவனக்குறைவு 20 சதவீதம் என்று முடிவானால் கைக்கு வருவது 8 லட்சம். விளக்கில்லாமல் இருட்டில் போனது, எதிர்த்திசையில் வந்தது எல்லாம் அந்தக் கணக்கில் ஏறும். அபராதம் இல்லாத தவறுக்கு விலை இல்லை என்று நினைக்க வேண்டாம்.

● சைக்கிள் மோதி நடந்து போனவர் காயம்பட்டால்? அங்கே மோட்டார் வாகனமே இல்லாததால் இந்தத் தீர்ப்பாயம் உதவாது. சிவில் நீதிமன்றம்தான். பணம் வர வேண்டியது சைக்கிள்காரரின் சொந்தப் பையிலிருந்து.

● நெதர்லாந்தில் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தை சைக்கிளில் போகும்போது கார் மோதினால் முழுப் பொறுப்பும் காருக்கே. குழந்தையின் தவறு கணக்கில் வராது. பெரியவர்கள் என்றால்கூட, தவிர்க்கவே முடியாத விபத்து என்று நிரூபிக்காத வரை பாதிப் பங்காவது காருடையது. எடை அதிகமுள்ளவனுக்குப் பொறுப்பும் அதிகம் என்ற இந்த நியாயம் இங்கேயும் வர வேண்டும் என்பது என் கட்சி. அதே நாட்டில் 2019 ஜூலை முதல் சைக்கிளில் போனைக் கையில் பிடித்தால் அபராதம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

● பிரான்சில் 2015 முதல் சைக்கிள் ஓட்டும்போது காதில் இயர்போன் கூடாது, 135 யூரோ.

● ஜெர்மனியில் இரத்தத்தில் மதுவின் அளவு ஆயிரத்துக்கு 1.6 பங்கைத் தாண்டிச் சைக்கிள் ஓட்டினால் குற்ற வழக்கு. கார் லைசென்ஸே பறிபோகக்கூடும்!

● சைக்கிளுக்கு ஹெல்மெட்டை முதலில் கட்டாயமாக்கியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1990 ஜூலையில். சிங்கப்பூரில் 2019 முதல் சாலையில் ஓட்டக் கட்டாயம். நடைபாதையை ஒட்டிய பாதைகளில் விருப்பம்.

● அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1982 முதல், 'நில்' பலகையைக் கண்டால் சைக்கிள் முழுசாக நிற்க வேண்டியதில்லை. வேகத்தைக் குறைத்து, யாரும் வரவில்லை என்றால் போகலாம். நம் ஊரில் இதை எந்தச் சட்டமும் இல்லாமலே கார்கள் செய்கின்றன.

● ஜப்பான் 2026 ஏப்ரல் 1 முதல், 16 வயது நிரம்பிய சைக்கிள்காரர்களுக்கு நின்ற இடத்திலேயே அபராதச் சீட்டு கொடுக்கத் தொடங்கியது. போனைக் கையில் வைத்திருந்தால் 12,000 யென், சிக்னலை மீறினால் 6,000, குடை பிடித்துக்கொண்டு ஓட்டினால் 5,000. ஒரு கையில் குடை, மறு கையில் ஹேண்டில்பார் என்று மழையில் போகும் நம்மவர்களுக்கு இது அநியாயமாகத் தோன்றும்.

● 2013-ல் கொல்கத்தா போலீஸ் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டது. பால்காரர், செய்தித்தாள் போடுபவர், சமையல் வேலைக்குப் போகும் பெண்கள் எல்லாரும் தெருவில் இறங்கிப் போராட, பிறகு எண்ணிக்கை 62 ஆனது. பெங்களூரு – மைசூரு விரைவுச் சாலையின் முக்கியப் பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் பைக், ஆட்டோவோடு சேர்த்துச் சைக்கிளுக்கும் அனுமதியில்லை. பக்கத்து சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். முதல் தடை தவறு, இரண்டாவது சரி. நூறில் வரும் வண்டிகளுக்கு நடுவே சைக்கிளுக்கு வேலையில்லை. ஊருக்குள் ஓடும் சாலையிலிருந்து அதை விரட்டவும் யாருக்கும் உரிமையில்லை.

● அப்படியானால் நம் மாநிலத்தில் சைக்கிளுக்கென்று விதிகளை எழுத வேண்டியது யார்? 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 138(1ஏ) என்று ஒரு உட்பிரிவைச் சேர்த்தார்கள். இயந்திரமில்லாத வண்டிகளும் பாதசாரிகளும் பொது இடங்களிலும் தேசிய நெடுஞ்சாலைகளிலும் எப்படிப் போகலாம் என்று மாநில அரசுகள் விதி வகுக்கலாம் என்கிறது அது. ஆண்டுகள் ஓடின. கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் ஆறு மாதத்துக்குள் இந்த விதிகளை எழுதியாக வேண்டும் என்று உத்தரவிட்டது. அறுவை அரங்கில் உடைந்த எலும்புகளைச் சேர்த்துச் சேர்த்துச் சலித்த ஒருவர் போட்ட வழக்கு என்பதை நினைத்துப் பாருங்கள்.

● தமிழ்நாடு 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லாச் சைக்கிள் தரத் தொடங்கி, 2005-06-ல் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர்கள் அனைவருக்கும் விரிவாக்கியது. மாநிலத்துக்குப் பெருமையான திட்டம். ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பிள்ளைகள் புதுச் சைக்கிளோடு சாலைக்கு வருகிறார்கள். விழா மேடையில் சாவியைக் கொடுக்கும்போது கூடவே ஒரு பக்கத் தாளும், ஒரு மணி நேரச் சாலை வகுப்பும் கொடுத்தால் அரசுக்கு என்ன செலவாகிவிடும்? இடப்பக்கம் போ, திரும்பும் முன் கையைக் காட்டு, இருட்டினால் விளக்குப் போடு, சிவப்புப் பிரதிபலிப்பானைக் கழற்றாதே. பள்ளிக்கல்வித் துறையில் இதைப் படிக்கும் அதிகாரி யாராவது இருந்தால், அடுத்த சைக்கிள் விநியோகத்துக்கு முன் இதைச் செய்யுங்கள்.